"நாட் டூ பேட்" என்றால் வலி இல்லை என்று அர்த்தமல்ல: வெளிநாடு போகும் நர்ஸுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளாஸ்கோவில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் என் மாணவி ஒருத்தி அழுதுகொண்டே போன் செய்தாள். அவள் வார்டில் ஒரு பெரியவர், கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். "நாட் டூ பேட், ஹென்", அதாவது "ரொம்ப மோசமில்லை, கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். சார்ட்டில் வலி இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கமாக வந்த ஸ்காட்லாந்து நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்திருக்கிறார். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அந்த நர்ஸ் வலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எனக்காக ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். பெரியவரால் அசையக்கூட முடியவில்லை. உடனே மருந்து கொடுத்தார்கள். என் மாணவியை யாரும் திட்டவில்லை. "அவர் நல்லா இருக்கேன்னுதானே மேடம் சொன்னாரு" என்று அவள்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்பது வருடம் பிரிட்டனில் வார்டு வேலை பார்த்தவள். இப்போது திருச்சியில், வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கிப் போகிறவர்களும் அங்கே தடுமாறுகிறார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தில் குறை இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி மனிதர்கள் என்ற எண்ணத்தோடு விமானம் ஏறுவதுதான் குறை.

வார்த்தையை அப்படியே எடை போடுவது

முதல் தவறு இதுதான், ஆபத்தானதும் இதுதான். பிரிட்டனில் வயதானவர்கள், முக்கியமாக ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடக்கிலும், தங்கள் துன்பத்தைச் சின்னதாக்கித்தான் சொல்வார்கள். நெஞ்சு வலியோடு வந்தவர் "கொஞ்சம் அசௌகரியமாக இருக்கிறது" என்பார். டாக்டரைத் தொந்தரவு செய்துவிட்டேனே என்று மன்னிப்பும் கேட்பார். மருத்துவமனை ஊழியர்களும் அதே வழக்கத்தில்தான் பேசுவார்கள். "பூர்லி" என்றால் உடம்பு சரியில்லை என்றுதான் அகராதியில் இருக்கும். ஆனால் ஹேண்டோவரில், அதாவது ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றி அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைக்கும்போது, ஒரு நர்ஸ் "ஷி இஸ் வெரி பூர்லி" என்று சொன்னால் அந்த நோயாளி உயிருக்குப் போராடுகிறார் என்று பொருள். அங்கே குரல் உயராது, முகமும் மாறாது. நாம்தான் புரிந்துகொண்டு ஓட வேண்டும்.

இந்தக் குறைத்துச் சொல்லும் வழக்கம், ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கு இடையிலும் குழப்பம் உண்டாக்கியிருக்கிறது. 1951 ஏப்ரலில் கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றைச் சீனப் படை பெரும் எண்ணிக்கையில் சூழ்ந்துகொண்டது. நிலைமையைக் கேட்ட அமெரிக்கத் தளபதியிடம் பிரிட்டிஷ் தளபதி ப்ரோடி "எ பிட் ஸ்டிக்கி" என்றாராம், அதாவது "கொஞ்சம் சிக்கல்தான்". சமாளித்துக்கொள்வார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டதாக இன்றும் சொல்லப்படுகிறது. அந்தச் சண்டையில் கிளாஸ்டர்ஷர் படையணியைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்டவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள்.

ஆகவே, பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் சொல்லச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். "நேற்று செய்ய முடிந்த எதை இன்று செய்ய முடியவில்லை?" என்று கேளுங்கள். இருமச் சொல்லுங்கள், எழுந்து உட்காரச் சொல்லுங்கள். சொல்லை விட உடம்பு நேராகப் பேசும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இதைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரர் எல்லாரும் வலியை மறைப்பவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வலிக்கிறது என்று வாய்விட்டு அலறும் ஸ்காட்லாந்துக்காரரையும் பார்த்திருக்கிறேன். அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தால் அது இரண்டாவது தவறாகிவிடும்.

"ஆர் யூ ஆல்ரைட்?" என்று இங்கிலாந்தில் எதிரில் வருகிறவர் கேட்டால், அவர் உங்கள் உடல்நலத்தை விசாரிக்கவில்லை. நம் ஊரில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறோமே, அதுபோலத்தான். தெருமுனையில் "எங்க கிளம்பிட்டீங்க?" என்பவர் நம் பயணத் திட்டத்தை எதிர்பார்ப்பதில்லை. அமெரிக்காவில் "ஹவ் ஆர் யூ" என்பதும் அப்படியே. பதிலைக் காத்து நிற்காமல் நடந்துவிடுவார்கள். உடனே "போலி மனுஷங்க" என்று நம்மவர்கள் முடிவுகட்டுகிறார்கள். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போன நம்மை, எப்போது திரும்பி வருவார் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் வாசலில் காத்திருந்தால், நாம் பொய் சொன்னதாகுமா?

எல்லாரையும் ஒரே பெயரில் அழைப்பது

டெல்லியில் நம்மை "மதராசி" என்று சொன்னால் எப்படிச் சுருக்கென்று இருக்கிறது? மதுரைக்காரரும் கொச்சிக்காரரும் விஜயவாடாக்காரரும் அவர்களுக்கு ஒன்று. அயர்லாந்துக்குப் போய் ஒரு நோயாளியிடம் "யூ பிரிட்டிஷ் பீப்பிள்" என்று பேச்சைத் தொடங்கினால் அவருக்கு அதைவிட ஆழமாக வலிக்கும். அயர்லாந்தின் பெரும்பகுதி 1922இல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து பிரிந்து, 1949இல் குடியரசானது. அதற்கு முன், 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறிப் போனார்கள். பஞ்ச காலத்திலும் அந்த மண்ணிலிருந்து உணவுப்பொருள் ஏற்றுமதியானது. அந்த நினைவு இன்னும் குடும்பங்களுக்குள் இருக்கிறது. வடக்கு அயர்லாந்தோ பிரிட்டனோடு இருக்கும் பகுதி. அங்கே தன்னை பிரிட்டிஷார் என்பவரும் உண்டு, ஐரிஷ் என்பவரும் உண்டு. அவர்களே சொல்லும்வரை நாம் எந்தப் பெயரும் வைக்க வேண்டியதில்லை.

ஐரிஷ்காரர் என்றால் குடிகாரர், ஸ்காட்லாந்துக்காரர் என்றால் கஞ்சன் என்று படித்த நகைச்சுவைத் துணுக்குகளையும் நம் பிள்ளைகள் கூடவே எடுத்துப் போகிறார்கள். டப்ளின் அருகே ஒரு முதியோர் இல்லத்தில் என் இன்னொரு மாணவி, சகஜமாகப் பேச வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், ஒரு தாத்தாவிடம் விஸ்கி பற்றி வேடிக்கையாக ஏதோ சொல்லியிருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. கோட்டில் குத்தியிருந்த சின்ன பேட்ஜைத் தொட்டுக் காட்டினார். இயேசுவின் திருஇருதயம் பொறித்த பயனியர் பேட்ஜ். 1898இல் டப்ளினில் தொடங்கிய மதுவிலக்குச் சங்கத்தின் அடையாளம் அது. வாழ்நாள் முழுக்க மதுவைத் தொடமாட்டேன் என்று உறுதி எடுத்தவர்கள் அணிவது. தாத்தா அதை இளவயதிலிருந்தே அணிந்து வந்திருக்கிறார். அவள் மன்னிப்புக் கேட்டாள், அவரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். ஆனால் அந்தச் சின்ன பேட்ஜை அவள் முதலிலேயே கவனித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

பிரிட்டனின் மேற்கில் இருக்கும் வேல்ஸ் பற்றி நம் ஊரில் யாருமே சொல்லித் தருவதில்லை. 2021 கணக்கெடுப்பில் அங்கே 17.8 சதவீதம் பேர், சுமார் 5,38,000 பேர், அந்த மண்ணின் சொந்த மொழியான வெல்ஷ் பேசத் தெரியும் என்று சொன்னார்கள். மறதிநோய் முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற ஆங்கிலம் நழுவி, தாய்மொழி மட்டும் மிஞ்சுகிறது. ஆங்கிலத்தில் கேட்டதற்குப் பதில் வராததால் "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று எழுதிவிடக் கூடாது. ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழி பேட்ஜ் குத்தியிருக்கும் ஊழியர் வெல்ஷ் பேசுவார், அவரைக் கூப்பிடுங்கள். தாய்மொழிக்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருந்த மண்ணிலிருந்து போகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லண்டனுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு அதிர்ச்சி. "மேடம், இங்க வெள்ளைக்காரங்களையே காணோம்" என்று முதல் வாரம் எழுதுவார்கள். 2021இல் லண்டன்வாசிகளில் தங்களை வெள்ளை பிரிட்டிஷார் என்று குறிப்பிட்டவர்கள் 36.8 சதவீதம்தான். ஜமைக்கா வழிவந்த பாட்டி, நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த வார்டு மேனேஜர், வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்த தாத்தா, யாழ்ப்பாணத்து மருந்தாளுநர் எல்லாரும் அந்த ஊரின் ஆங்கிலக்காரர்கள்தான்.

மரியாதையைத் தப்பான இடத்தில் தேடுவது

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. "கையக் குடுங்கம்மா" என்கிறோம். அந்த "ங்க"வும் "அம்மா"வும் போதும், தனியாக "தயவுசெய்து" தேவையில்லை. இதையே "கிவ் யுவர் ஹேண்ட்" என்று ஆங்கிலமாக்கும்போது வால் அறுந்துவிடுகிறது. மனசில் அவ்வளவு கனிவோடு சொல்லியும், கேட்பவருக்கு அது அதட்டலாகப் படுகிறது. நம் நர்ஸுகள் மீது அங்கே "கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறார்" என்று வந்த புகார்களில் பெரும்பாலானவை இதனால் வந்தவைதான் என்பது நான் கண்டது. அங்கே மரியாதை கேள்வியின் வடிவில் இருக்கும்: "வுட் யூ மைண்ட்", "குட் ஐ ஜஸ்ட்". கூடவே ப்ளீஸும் தேங்க் யூவும். நாளைக்கு ஐம்பது முறை சொன்னாலும் அதிகமில்லை.

"சார்", "மேடம்" என்று அழைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்பதுதான் அங்கே மரியாதை. தொண்ணூறு வயதுப் பாட்டி "பெட்டின்னு கூப்பிடு" என்பார். நமக்கு நாக்கு கூசும், ஆனாலும் கூப்பிடத்தான் வேண்டும். இன்னொருவர் மிஸஸ் போட்டுத்தான் அழைக்க வேண்டும் என்பார், அதுவும் சரி. அவர்கள் நம்மை கிளாஸ்கோவில் "ஹென்" என்றும், நியூகாசிலில் "பெட்" என்றும், நாட்டிங்ஹாமில் "டக்" என்றும், யார்க்ஷரில் "லவ்" என்றும் கூப்பிடுவார்கள். கோபப்படாதீர்கள், கொங்கு நாட்டில் "கண்ணு" என்பது போலத்தான். பிரிட்டனில் அறுவை மருத்துவரை "டாக்டர்" என்று அழைப்பதில்லை, "மிஸ்டர்" அல்லது "மிஸ்" என்பார்கள். பட்டமில்லாத முடிதிருத்துநர்களே அறுவை செய்த பழங்காலத்து வழக்கம் பெருமையாக மாறி நிலைத்துவிட்டது.

உங்கள் பெயரையும் சொல்லுங்கள். கேட் கிரேஞ்சர் என்ற பெண் மருத்துவர், தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னைப் பார்க்க வந்த பலர் பெயர்கூடச் சொல்லவில்லை என்று வருந்தி, 2013இல் "ஹலோ மை நேம் இஸ்" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016இல் இறந்துவிட்டார். இன்றும் அந்த வரியைப் பல நர்ஸுகளின் பெயர்ப் பட்டையில் பார்க்கலாம்.

"பெத்தவங்களைப் பார்க்க மாட்டாங்க" என்பது நம்மவர்கள் வார்டில் தமிழிலோ மலையாளத்திலோ அடிக்கடி பேசிக்கொள்ளும் இன்னொன்று. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 50 லட்சம் பேர், ஊதியம் இல்லாமல் யாரையாவது பராமரித்து வந்ததாகச் சொன்னார்கள். மதியம் வேலையிலிருந்து ஓடி வந்து, அம்மாவுக்கு ஸ்பூனில் சூப் ஊட்டிவிட்டு, காரில் உட்கார்ந்து அழும் மகன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நம் முன்னால் அழமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஊரிலும் முதியோர் இல்லங்கள் நிரம்பித்தான் இருக்கின்றன.

ஆஸ்திரேலியா போகிறவர்களுக்குச் சுருக்கமாக: டாக்டர் வந்தால் எழுந்து நிற்காதீர்கள், அவரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். கிண்டல் அங்கே நட்பின் அடையாளம். ஆனால் பழங்குடி நோயாளிகளிடம் இந்தப் பொது விதி செல்லாது. பலருக்கு நேருக்கு நேர் கண் பார்ப்பது சங்கடம். இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாத குடும்பங்கள் உண்டு. மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "யெஸ்" சொல்பவர்களும் உண்டு, அதைச் சம்மதமாக எழுதிவிடாதீர்கள். "டெட்லி" என்று சொன்னால் பயப்படவும் வேண்டாம். அவர்களிடையேயும் டப்ளினிலும் அதற்கு "பிரமாதம்" என்று பொருள்.

மரியாதைக்காக "யெஸ்" சொல்வது நமக்கும் உள்ள பழக்கம்தான். ஹேண்டோவரில் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுகிறோம். ஆசிய நர்ஸ் என்றால் நன்றாக உழைப்பார், வாய் திறக்கமாட்டார் என்று அவர்களும் நம்மைப் பற்றி ஒரு முத்திரை வைத்திருக்கிறார்கள். அதனால் நம் மௌனத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. இதற்காக என் வகுப்பில் தினமும் ஒரு பயிற்சி வைக்கிறேன். நான் வேண்டுமென்றே வேகமாக, விழுங்கி விழுங்கி, "ஃபிஃப்டீன்" என்கிறேனா "ஃபிஃப்டி" என்கிறேனா என்று தெரியாதபடி ஒரு மருந்து அளவைச் சொல்வேன். "சாரி, ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ?" என்று யாராவது கேட்கும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டேன். முதல் நாள் பத்து நிமிடம் ஆகும். யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டாவது வாரம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.