வெட்டும் இடத்தை வாய் காட்டிவிடும்

அக்கா பாடுவாள், நான் எடிட் செய்வேன். மதுரை வீட்டின் பின்னறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஒரு பல்லவிக்கு நாலைந்து டேக் எடுப்போம், அதாவது அதையே நாலைந்து முறை பாடிப் பதிவு செய்வோம். ஒரு டேக்கில் எடுப்பு நன்றாக இருக்கும், இன்னொன்றில் கடைசி வரி. இரண்டையும் ஒட்டி, ஒரே மூச்சில் பாடியது போல ஆக்க வேண்டும்.

முதலில் மவுஸைத் தொடாதீர்கள். பாட்டு வரிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு எல்லா டேக்கையும் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கு மேலும் பிடித்த டேக்கின் எண்ணைக் குறியுங்கள். சுருதி கொஞ்சம் விலகினாலும் பாவம் (பாட்டின் உணர்ச்சி) இருக்கிற டேக்கைத்தான் நான் எடுப்பேன். சுருதியைப் பின்னால் சரிசெய்யலாம், பாவத்தை முடியாது.

அப்புறம் கட். நான் ரீப்பர் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், அதில் எஸ் பட்டனை அழுத்தினால் துண்டாகும். அசல் ஃபைல் அப்படியே இருக்கும் என்பதால் பயமில்லாமல் வெட்டலாம். ஆனால் எங்கே வெட்டுவது? இதில் தமிழ் நமக்குப் பெரிய உதவி. ‘பட்டு’, ‘பக்கம்’, ‘அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். ட்ட, க்க, ப்ப வரும்போது வாய் ஒரு கணம் அடைத்துக்கொள்கிறது. வேவ்ஃபார்மிலும் (திரையில் தெரியும் ஒலி அலைப் படம்) அந்த இடத்தில் கோடு படுத்துவிடும். அங்கே வெட்டி ஒட்டினால் யாருக்கும் தெரியாது. ‘கடல்’, ‘அகல்’ போன்ற சொற்களில் நடுவில் வரும் ஒற்றை ட, க அப்படி அடைப்பதில்லை, அவற்றை நம்ப வேண்டாம். ம, ன, ல, ர எல்லாமே குரலோடு ஓடுகிறவை, அங்கேயும் கத்தி வைக்காதீர்கள்.

நீண்ட ‘ஆ’வின் நடுவில் வெட்டியே ஆக வேண்டுமென்றால், இரண்டு டேக்கிலும் ஒரே சுருதியில் நிற்கும் இடத்தைத் தேடி, அலைகளின் மேடும் பள்ளமும் பொருந்துமாறு நகர்த்தி, 20 முதல் 30 மில்லி விநாடி கிராஸ்ஃபேட் (ஒரு டேக் மெல்லத் தேய, அடுத்தது மெல்ல எழுவது) கொடுங்கள். அமைதியான இடத்தில் 5 அல்லது 10 போதும். ஃபேடே இல்லாமல் விட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கமகத்தின் (சுரத்தை அசைத்துப் பாடுவது) நடுவில் மட்டும் ஒட்டு வேண்டவே வேண்டாம். அந்தச் சங்கதி (அந்த இசைத் துண்டு) முழுவதையும் மற்ற டேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மூச்சுச் சத்தத்தை அழிக்காதீர்கள். ஆரம்பத்தில் ஒரு பாட்டு முழுக்க அழித்துவிட்டேன். கேட்ட அம்மா, “ஏன்டா, அவளுக்கு மூச்சு முட்டுற மாதிரி இருக்கு?” என்றார். இப்போது 6 முதல் 8 டெசிபல் குறைப்பதோடு சரி. ஒட்டிய இடத்தில் இரண்டு மூச்சு அடுத்தடுத்து வந்தால் ஒன்றை மட்டும் எடுத்துவிடுவேன்.

ரெக்கார்டிங் முடிந்ததும் யாரும் பேசாமல் 20 விநாடி அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து வையுங்கள். தம்புரா மட்டும் ஒலிக்கும் பாட்டில் வெட்டிய இடைவெளி திடீரென்று செத்துப்போனது போலக் கேட்கும். அதை நிரப்ப இந்த 20 விநாடி வேண்டும்.

கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் தானாகக் குறைக்கும் கருவி) போடும் முன் கையாலேயே அளவைச் சரிசெய்யுங்கள்: அமுங்கிய வரிக்கடைசியை 2, 3 டெசிபல் ஏற்றுவது, சீறும் ‘ஸ’வை அவ்வளவே இறக்குவது. மைக்கில் ‘ப’ குத்தினால் அந்த எழுத்தின் தொடக்கத்தில் சின்ன ஃபேட்-இன், அதாவது சத்தம் மெல்ல எழும்படி செய்வது.

தாளம் தவறிய சொல்லை நகர்த்தும்போது ஒன்று கவனியுங்கள். ‘ஸ்’ஸின் சீறல் தொடங்கும் இடத்தைத் தாளத்தின் தட்டில் வைத்தால் பாடகர் பின்தங்குவது போல இருக்கும். சீறல் முடிந்து உயிரெழுத்து பிறக்கும் இடம்தான் தட்டில் விழ வேண்டும்.

கடைசியில் குரலை மட்டும் ஹெட்ஃபோனில் ஒருமுறை, இசையோடு ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்பேன். திரையை அணைத்துவிட்டுத்தான். வெட்டிய கோடு கண்ணில் பட்டால் காது அங்கே தவறு தேட ஆரம்பித்துவிடுகிறது.