உப்பைச் சாம்பலாக்கும் மீட்டர்

தூத்துக்குடி உப்பளத்தில் நண்பகலில் எடுத்த என் முதல் பிலிம் சுருளில் உப்புக் குவியல்கள் எல்லாம் சிமென்ட் கொட்டி வைத்ததுபோல் வந்தன. வேலை செய்தவர்களின் முகங்களோ கரி. எடுத்த பிலிமே படமாகிவிடும் ஸ்லைடு பிலிம் என்பதால் லேபில் திருத்தவும் வழியில்லை. கேமரா பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதில் ஒரு குறையும் இல்லை.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், பொருளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் அளக்கிறது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 கொண்ட பிலிமுக்கு, லென்ஸ் துளை எஃப் 16-இல் ஷட்டர் 1/500 நொடி திறந்தால் போதும் என்றது அன்று. மேகமில்லா வெயிலில் எஃப் 16 என்றால் ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணை ஒட்டி இருக்க வேண்டும், அதாவது 1/125 என்பது பழைய கைக்கணக்கு. இரண்டு ஸ்டாப் வித்தியாசம்! ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது.

இங்கேதான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கண் கூசுகிறதே என்று ஒளியை இன்னும் குறைக்கிறார்கள். உப்போ வெள்ளை வேட்டியோ படத்தின் பரப்பை நிறைத்தால், மீட்டர் சொல்வதைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். கறுப்பு எருமைக்குக் குறைக்க வேண்டும்.

கையில் பிடித்து அளக்கும் தனி மீட்டரான கைமீட்டர் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். அது பொருளின் மேல் விழும் ஒளியை அளப்பதால் உப்பு வெள்ளையா கறுப்பா என்ற கவலை அதற்கு இல்லை. ஆனால் அதன் வெள்ளைக் குமிழைச் சூரியனுக்குக் காட்டி அளப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். படமெடுக்கப்படுபவரின் முகத்தருகே பிடித்து, குமிழைக் கேமரா பக்கம் திருப்புங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. அவர் ஓலைக் கொட்டகைக்குள் இருக்க, நீங்கள் வெயிலில் நின்று அளந்தால் அந்த எண்ணால் பயனில்லை.

லென்ஸில் மாட்டிய ஃபில்டரும் கைமீட்டருக்குத் தெரியாது. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப்பை நீங்களே கூட்ட வேண்டும். ஓர் எறும்பை அதன் நிஜ அளவிலேயே பிலிமில் பதிக்கும்போதும் அப்படித்தான்; இரண்டு ஸ்டாப் ஒளி போய்விடும்.

பழைய கேமரா வைத்திருப்பவர்கள் பேட்டரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்த பல மீட்டர்கள், இப்போது கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியில் ஒளியைக் கூடுதலாகக் காட்டி, படத்தை இருட்டாக்கிவிடும்.