பயாஸ் அப்டேட்டில் படுத்த போர்டு: மீட்கும்போது செய்யக் கூடாதவை

கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். அதன் அப்டேட் பாதியில் நின்றால் மதர்போர்டு எழாமல் படுத்துவிடும். யூபிஎஸ் இல்லாமல் அப்டேட் போடாதே, மாடலைச் சரிபார் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இடி இடித்தால் கரண்ட் போகும் என்று ஏற்காட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போர்டு படுத்த பிறகு நடக்கும் தவறுகள்தான் என் கவலை. சேலத்தில் எங்கள் கடைக்கு வேலை பழக வரும் பையன்கள் வரிசையாக இவற்றில் விழுகிறார்கள். ஒரு காலத்தில் நானும் விழுந்தவன்தான்.

எடுத்த எடுப்பில் கிளிப்பை மாட்டுவது

பயாஸ் சிப்பைக் கவ்வி, புரோகிராமர் என்ற கருவியால் படிக்கவும் எழுதவும் உதவுவதுதான் கிளிப். அதை எடுக்கும் முன், பென்டிரைவிலிருந்தே பயாஸை எழுதும் பிளாஷ்பேக் பட்டன் போர்டின் பின்பக்கம் இருக்கிறதா பாருங்கள். அசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் மூன்றுமே பல மாடல்களில் அதைத் தருகின்றன. ப்ராசசர், ரேம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். பென்டிரைவ் ஃபேட்32-ஆக இருக்க வேண்டும், அதற்கென்று குறித்த போர்ட்டில் செருக வேண்டும், ஃபைலின் பெயரை நிறுவனம் சொன்னபடி மாற்ற வேண்டும். பெயரை மாற்றாமல் பட்டனை அமுக்கிவிட்டு, "ஒர்க் ஆகலண்ணா" என்று வருபவர்களே அதிகம்.

படிக்காமல் அழிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். கிளிப் மாட்டும் அந்த எட்டுக்கால் சிப்பில் பயாஸ் மட்டும் இருப்பதாக நினைக்கிறார்கள். இன்டெல் போர்டு என்றால் எம்இ என்ற இன்டெலின் தனி மென்பொருள் பகுதி இருக்கும், இன்டெல் லேன் (நெட்வொர்க் இணைப்பு) இருந்தால் அதன் அடையாள எண்ணான மேக் அட்ரஸ் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். போர்டின் சீரியல் நம்பர், யூயூஐடி என்ற அடையாள எண், கம்பெனி விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் விண்டோஸ் கீயும்கூட உள்ளே கிடக்கும். அப்டேட் பாதியில் நின்றால் பெரும்பாலும் கெடுவது பயாஸ் பகுதி மட்டுமே, மற்றவை பத்திரமாக இருக்கும். நம்மாள் முதல் வேலையாக எரேஸ் கொடுத்து, நெட்டில் கிடைத்த யாருடைய டம்ப்பையோ (சிப்பில் இருப்பதன் முழு நகல்) எழுதுவார். டிஸ்ப்ளே வந்துவிடும், கூலியும் வாங்கியாயிற்று.

செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை. பில் போட ஒரே மாடலில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று மட்டும் ஓடினால் பிரச்சினை இல்லை, இரண்டும் ஓடினால் நெட்வொர்க் விட்டு விட்டு வரும். கேபிள் மாற்றி, சுவிட்ச் மாற்றி, ஓனர் சலித்துப்போயிருந்தார். பார்த்தால் இரண்டிலும் மேக் அட்ரஸ் 88-88-88-88-87-88. முன்பு யாரோ இரண்டு போர்டுக்கும் ஒரே டம்ப்பை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அசல் டம்ப்? "அதெல்லாம் எடுக்கலையேப்பா." போர்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து மேக்கை உள்ளே திருத்தி, சரிபார்ப்பு எண்ணான செக்சமையும் சரிசெய்து எழுதினோம். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் அதுவும் இல்லை.

சரியான முறை இதுதான்: பவர் கார்டைக் கழற்றுங்கள், போர்டில் காசு வடிவில் இருக்கும் சிமாஸ் பேட்டரியையும் எடுங்கள். சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலும் பைட்டுக்குப் பைட் ஒன்றுதானா பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், அல்லது முழுக்க எஃப்எஃப் (வெற்று பைட்) என்றே வந்தால், பெரும்பாலும் கிளிப் சரியாக உட்காரவில்லை. சரியாக வந்த டம்ப்பை மாடல் பெயரோடு சேமித்துவிட்டு, அதன் நகலில் பயாஸ் பகுதியை மட்டும் மாற்றி எழுதுங்கள். கூடுதலாக ஆவது சில நிமிஷம், அதற்குப் போய் என்ன அவசரமோ!

கேப் ஃபைலை அப்படியே சிப்பில் ஏற்றுவது

அசுஸ் தளத்தில் இறங்கும் .கேப் (பயாஸ் அப்டேட்) ஃபைலின் தலையில், பல மாடல்களில் 2,048 பைட் கூடுதலாக ஒட்டியிருக்கும். 16 எம்பி சிப் கொள்வது 16,777,216 பைட், ஃபைலோ 16,779,264. அப்படியே ஏற்றினால் எல்லாம் இடம் நகர்ந்து போர்டு எழாது. யூஇஎஃப்ஐ டூல் என்ற மென்பொருளில் தலையை நீக்கிவிட்டு எழுதுங்கள்.

வோல்டேஜ் பார்க்காதது

சிப்பில் 25க்யூ128 என்று கண்டவுடன் 3.3 வோல்ட் என்று முடிவுகட்டாதீர்கள். முழு எண்ணையும் டேட்டாஷீட்டில் தேடுங்கள், 1.8 வோல்ட் வகையும் உண்டு. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமரில் சிப்புக்கு 3.3 போனாலும் டேட்டா லைனில் 5 வோல்ட் வருவதுண்டு. மீட்டர் வைத்துப் பாருங்கள்.

கிளிப்பைத் திருப்பி மாட்டுவது

சிவப்பு ஒயர், சிப்பில் புள்ளி இருக்கும் பக்கம். அவ்வளவுதான்.

எழுதியபின் வெரிஃபை (சரிபார்ப்பு) கொடுக்காதது

கொடுங்கள்.

முதல் ஆனில் அவசரப்படுவது

எழுதி முடித்து முதல்முறை ஆன் செய்தால் திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கலாம், தானே அணைந்து மறுபடியும் எழலாம். டிடிஆர்5 போர்டில் ரேமைப் பழகிக்கொள்ளும் ட்ரெய்னிங்குக்கே சில நிமிஷம் ஆகும். அதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரைட் சரியாக ஆகவில்லை என்று திரும்ப எழுத உட்காராதீர்கள்.