மூணாறு குளிருக்கு கீசர் இருக்கிறதா? ஸ்மார்ட் பிளக் போடும் முன் இதைப் படியுங்கள்

ஜனவரியில் மூணாறின் செண்டுவரைப் பக்கம் புல் முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில், கீசர் சுவிட்சைத் தட்டிவிட்டு மறுபடி போர்வைக்குள் போய்ச் சுருண்டுகொள்வோம், அணைக்க மறந்துவிடுவோம், இரண்டு மாத பில் வந்ததும் யார் மறந்தது என்று பஞ்சாயத்து நடக்கும். தண்ணீர் சூடானதும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும்தான். ஆனால் இந்தக் குளிரில் தண்ணீர் ஆற ஆற அதுவே திரும்பத் திரும்பச் சூடேற்றிக்கொண்டும் இருக்கும்.

வெளிநாட்டில் நெஸ்ட் என்ற தெர்மோஸ்டாட் 2011-லேயே வந்துவிட்டது, வீட்டு ஆட்களின் நேரத்தைப் பழகிக்கொண்டு வீடு முழுவதையும் சூடாக்கும் ஹீட்டரைத் தானே இயக்கும். நமக்கு வேண்டியது ஒரு வாளி வெந்நீர், அதற்கு ஒரு ஸ்மார்ட் பிளக் போதும்: சுவர் சாக்கெட்டுக்கும் கீசருக்கும் நடுவில் செருகிவிட்டு, வைஃபை வழியாகப் போன் ஆப்பிலிருந்து ஆன், ஆஃப் செய்யலாம், நேரம் வைத்தால் தானே அணையும்.

முதலில் கீசரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 2000 வாட் என்றால் சுமார் 9 ஆம்பியர், 3000 என்றால் 13. எதுவானாலும் 16 ஆம்பியர் பிளக்தான் வாங்க வேண்டும், விலை குறைவு என்று 10 ஆம்பியர் பக்கம் போகாதீர்கள். சாக்கெட் லூசாகவோ கருகிய தடத்தோடோ இருந்தால் பிளக்குக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் சாக்கெட் இருந்தால் இந்த யோசனையே வேண்டாம். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசருக்கும் இது வீண் செலவு.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பெரும்பாலான பிளக்குகள் பிடிக்கும். இணைக்கும்போது ஆப் சுற்றிக்கொண்டே இருந்தால் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைக் கொஞ்ச நேரம் அணைத்துப் பாருங்கள்.

இனி நேரக் கணக்கு. 15 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும், 2000 வாட்டில் 25 நிமிடம். ஆனால் காலையில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடி வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் அதே கீசர் 1200 வாட்தான் தரும், நாற்பது நிமிடம் பிடிக்கும். அதனால் தானாக அணையும் நேரத்தை 40 என்று வையுங்கள்.

நான் சறுக்கிய இடம் இதற்கு அப்புறம்தான். சுவர் சுவிட்சை எப்போதும் போட்டே வைத்து, எல்லாவற்றையும் போனில் செய்யலாம் என்று திட்டம் போட்டேன். அம்மா இரண்டே நாளில், "போனைத் தேடிப் பிடிச்சு அப்புறம் குளிக்கணுமாடா?" என்று சுவிட்சை அணைத்துவிட்டார். சுவிட்சில் கரண்ட் இல்லாவிட்டால் பிளக் வெறும் பொம்மை. சரி, சுவிட்சை அம்மாவிடமே விட்டுவிட்டேன். கரண்ட் வந்ததும் பிளக் ஆன் ஆகும்படி ஆப்பில் ஒரு செட்டிங் இருக்கும், அதை வைத்தேன். அவர் வழக்கம்போல் சுவிட்சைத் தட்டினால் கீசர் ஓடும், நாற்பது நிமிடத்தில் பிளக் அணைத்துவிடும். சில மாடல்களில் கரண்ட் வந்தவுடன் டைமர் ஓடாது, ஒருமுறை பக்கத்தில் நின்று சோதித்துக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்றால் கரண்ட் வந்ததும் ஆஃபிலேயே இருக்கும்படி மாற்றிவிட்டு, காலை ஐந்து மணிக்கு ஷெட்யூல் போட வேண்டியதுதான், அம்மாவைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பாடு.

மாலைக் குளியல்காரர்களுக்கு ஒன்று. கேரளத்தில் 6 முதல் 10 வரை பீக் நேரம், நேரத்துக்கேற்ற கட்டணக் கணக்கில் இருக்கும் வீட்டுக்கு அப்போது யூனிட் விலை கூடும், ஐந்தே காலுக்கே சூடேற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் ஓடியதும், கீசர் ஓடி முடிந்தவுடன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரமில்லாத கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாமல் சுட்டால் கழற்றிவிடுங்கள்.