கை பலவீனம், கூட்டாளி 1 நோ டிரம்ப்: டிரான்ஸ்ஃபரா, பாஸா?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் கூட்டாளி 1 நோ டிரம்ப், அதாவது துருப்பு இல்லாமல் 7 பிடி (வென்ற சுற்று) எடுப்போம் என்று சொல்லி ஏலத்தைத் திறக்கிறார். உங்கள் கையில் ஒரு ஜாக்கியைத் தவிர படச்சீட்டே இல்லை. பிரிட்ஜுக்குப் புதியவர்கள் பலர் இங்கே பாஸ் சொல்லிவிடுவார்கள். பாயிண்டே இல்லாதபோது வாயைத் திறப்பானேன் என்ற கணக்கு அது. உண்மையில் பாயிண்ட் குறையக் குறைய டிரான்ஸ்ஃபரின் அவசியம் கூடுகிறது. உங்கள் நீள சூட்டுக்குக் கீழே உள்ள சூட்டைச் சொல்லி, நீள சூட்டைக் கூட்டாளியையே சொல்ல வைப்பதுதான் டிரான்ஸ்ஃபர்.

இங்கே 1 நோ டிரம்ப் என்பது 15 முதல் 17 பாயிண்ட் கொண்ட, சமச்சீரான (எந்த சூட்டிலும் 2 சீட்டுக்குக் குறையாத) கை.

படி 1: பாயிண்டை எண்ணுங்கள். ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. மொத்தம் 7 அல்லது அதற்குக் கீழே என்றால் பலவீனமான கை. கூட்டாளியிடம் 17 இருந்தாலும் 24தான் தேறும். கேமுக்கு, அதாவது பெரிய போனஸ் தரும் உயர்ந்த ஏலத்துக்கு, வழக்கமாக 25 வேண்டும். ஆகவே கேமை மறந்துவிட்டு, பாதுகாப்பான இடத்தைத் தேடுங்கள்.

படி 2: ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ 5 சீட்டு உண்டா? உண்டென்றால் பாயிண்ட் பூஜ்யமானாலும் டிரான்ஸ்ஃபர்தான். ஹார்ட் நீளமென்றால் 2 டைமண்ட். ஸ்பேட் நீளமென்றால் 2 ஹார்ட். கூட்டாளி உங்கள் சூட்டை 2-இல் சொன்னதும் பாஸ்.

ஏன் என்பதற்கு இந்தக் கையைப் பாருங்கள்:

ஸ்பேட்: 8 4
ஹார்ட்: ஜாக்கி 9 7 5 3
டைமண்ட்: 10 6 2
கிளாவர்: 8 5 4

நோ டிரம்பில் இந்தக் கை செத்த கை. கூட்டாளி ஹார்ட்டைத் தள்ளித் தள்ளி உங்கள் சின்னச் சீட்டுகளைப் பிடியாக்கினாலும், அவற்றை எடுக்க உங்கள் கைக்கு வரும் வழியே இருக்காது. ஹார்ட் துருப்பானால் அதே சின்னச் சீட்டுகள் வெட்டிப் பிடி எடுக்கும்; எதிரணி தன் நீள சூட்டை வரிசையாக ஓட்டவும் விடாது. 7 பிடிக்குப் பதில் 8 எடுக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் துருப்பு பெரும்பாலும் அந்த ஒன்றுக்கு மேலேயே தரும். கூட்டாளியிடம் ஹார்ட் 2 மட்டுமே இருந்தாலும் இது வழக்கமாகப் பொருந்தும். தோற்றாலும் லாபம் உண்டு: வல்னரபிள் நிலையில் (அபராதம் கூடுதலான நிலை), எதிரணியின் டபுள் (அபராதத்தை உயர்த்தும் அழைப்பு) இல்லாமல், நோ டிரம்பில் 3 பிடி குறைந்தால் 300 போகும்; ஹார்ட்டில் 1 குறைந்தால் 100 மட்டுமே.

படி 3: நீளம் டைமண்டிலோ கிளாவரிலோ இருந்தால்? 5 சீட்டென்றால் பாஸ். அந்த சூட்டில் நிற்க 3-ஆம் மட்டத்துக்கு, அதாவது 9 பிடிக்குப் போக வேண்டும், கட்டாது. 6 சீட்டென்றால் போகலாம், ஏனெனில் கூட்டாளியிடம் குறைந்தது 2 இருக்கும், 8 துருப்பு உறுதி. எந்த ஏலத்தால் போவது என்பது ஜோடிக்கு ஜோடி மாறும். ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள்.

படி 4: கிளாவரில் ஒன்றோ பூஜ்யமோ, மற்ற மூன்றிலும் 4 சீட்டாவது இருந்தால் 2 கிளாவர், அதாவது ஸ்டேமன்: ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ 4 சீட்டு உண்டா என்று கூட்டாளியைக் கேட்கும் ஏலம்; இல்லையென்றால் அவர் 2 டைமண்ட் சொல்வார். கூட்டாளி 2 டைமண்ட், 2 ஹார்ட், 2 ஸ்பேட் எதைச் சொன்னாலும் பாஸ். குறைவான சூட் டைமண்டாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். 2 டைமண்ட் என்ற பதில் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

மற்ற பலவீனமான கைகளுக்கெல்லாம் பாஸ்.

இனி சறுக்கும் இடங்கள். டிரான்ஸ்ஃபர் முடிந்த பிறகு 2 நோ டிரம்ப் சொன்னால், அது கேமுக்கான அழைப்பு. 8, 9 பாயிண்ட் இருப்பவர் சொல்ல வேண்டியது. சில சமயம் கூட்டாளி 2 ஹார்ட்டுக்குப் பதில் 3 ஹார்ட் என்று தாவுவார். அவரிடம் ஹார்ட் 4 சீட்டும் உச்ச பாயிண்டும் இருப்பதாக அர்த்தம். பலவீனமான கைக்கு அப்போதும் பாஸ்தான்.

எதிரணி குறுக்கிட்டால் கதை வேறு. அவர்கள் டபுள் சொன்னாலும் டிரான்ஸ்ஃபரைப் பல ஜோடிகள் அப்படியே வைத்திருப்பார்கள். 2 டைமண்டோ அதற்கு மேலோ வந்துவிட்டால் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கிடையாது. 2 ஸ்பேட் என்றால் ஸ்பேடேதான். கூட்டாளி இனி 1 நோ டிரம்பை ஆடப்போவதில்லை என்பதால், அவரைக் காப்பாற்றும் பொறுப்பும் உங்களுக்கு இல்லை. 1 பாயிண்ட் கையோடு அங்கே தாராளமாகப் பாஸ் சொல்லலாம்.