நெடுநடைக்கு மெரினோ உள்ளாடை: தொடைத்தோலைப் பதம்பார்க்கும் தவறுகள்

வாரக்கணக்கில் நீளும் நடைபயணத்துக்கு முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் முதுகுப்பையைப் பற்றிக் கேட்பார்கள், காலணியைப் பற்றிக் கேட்பார்கள், கூடாரத்தின் எடையைக் கிராம் கிராமாக அலசுவார்கள். உள்ளாடையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கூச்சம் பாதி, 'இதில் என்ன இருக்கிறது' என்ற நினைப்பு பாதி. சில நாள் கழித்துப் பார்த்தால் கால்களை அகட்டி அகட்டி நடந்து வருவார்கள். விசாரித்தால், நாங்களெல்லாம் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளாகவே இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பருத்தி ஜட்டி வேண்டாம், புதிதாக வாங்கியதைப் போட்டுப் பார்க்காமல் எடுத்துப் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அவற்றை விட்டுவிடுகிறேன். மெரினோ என்ற செம்மறியாட்டு இனத்தின் மெல்லிய கம்பளிதான் என்று முடிவு செய்த பிறகு நடக்கும் தவறுகளைப் பார்ப்போம்.

## '100% மெரினோ' என்ற மோகம்

இத்தனை காலம் ஆகியும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

இரண்டு உள்ளாடைகள் இருக்கின்றன. ஒன்றின் அட்டையில் '100% மெரினோ' என்றிருக்கிறது. மற்றதில் 'மெரினோ 83%, நைலான் 12%, எலாஸ்டேன் 5%' என்றிருக்கிறது. எலாஸ்டேன் என்பது ரப்பர்போல் இழுபடும் இழை. புதியவரின் கை முதலாவதற்குத்தான் போகும். வேறு எதுவும் கலந்திருந்தால் தரம் குறைவு என்று ஓர் எண்ணம். மேலே போடும் பனியனுக்கு அந்தத் தேர்வு பரவாயில்லை. நாள் முழுக்கத் தொடை இடுக்கில் உரசுகிற துணிக்கு அது ஆகவே ஆகாது.

காரணம் இழையிலேயே இருக்கிறது. கம்பளி இழையின் தடிமனை மைக்ரானில் அளப்பார்கள். 1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உள்ளாடைக்குப் பயன்படும் மெரினோ பெரும்பாலும் 17 முதல் 19.5 மைக்ரானுக்குள் இருக்கும். தோலில் குத்தி அரிப்பெடுக்க வைப்பவை 30 மைக்ரானைத் தாண்டிய முரட்டு இழைகள். மெரினோ மெலிந்த இழை என்பதால் தோலில் பட்டதும் வளைந்துகொடுக்கிறது, அதனால் குத்துவதில்லை. ஆனால் மெலிந்த இழை சீக்கிரம் தேயும். துணி நெய்யப் பயன்படும் இழைகளில் கம்பளி வலுக் குறைந்த ஒன்று. நனைந்தால் பருத்திக்கு வலு கூடும், கம்பளிக்கோ இருப்பதும் குறையும். தொடை இடுக்கு வியர்வையில் நனையாத நாள் ஏது? ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,300 காலடி என்று வைத்துக்கொண்டால், 25 கிலோமீட்டர் நடக்கும் நாளில் அந்தத் துணி 30,000 முறைக்கு மேல் உரசப்படுகிறது.

இதோடு எடையைக் குறைக்கும் ஆசையும் சேர்ந்துகொள்ளும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைத்தான் ஜி.எஸ்.எம். என்று குறிப்பிடுகிறார்கள். 120, 130 என்றால் மிக மெல்லிய துணி. தூய மெரினோவிலும் ஆக மெல்லியதைத் தேடி வாங்கிவந்து, கையில் எடை போட்டுப் பார்த்துப் பூரித்துப் போவார்கள்.

என்னோடு நடந்த நண்பர் ஒருவர் அப்படித்தான் வாங்கி வந்தார். முதல் வாரம் முழுக்க அவருக்கு ஒரே மகிழ்ச்சி. நாற்றமில்லை, ஈரம் தெரியவில்லை, உடம்பில் துணி இருப்பதே தெரியவில்லை என்றார். இரண்டாம் வாரம் ஒரு பக்கத் தொடையின் உட்புறம் எரிய ஆரம்பித்தது. வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டு நடந்தார். ஓர் இரவு அலசிக் காயப்போடும்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், அந்த இடம் சல்லடையாகக் கிடந்தது. பொத்தலின் விளிம்பில் நூல் சுருண்டு முறுகித் திரண்டிருந்தது. தோலை அறுத்தது அதுதான். மாற்று உள்ளாடையும் அதே ரகம், அதே கதி. அடுத்த ஊருக்கு இன்னும் இரண்டு நாள் நடை இருந்தது. அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். புண் ஆறுவதற்குள் அவருடைய அனுமதிச் சீட்டின் தேதி முடிந்துவிட்டது. மாதக்கணக்கில் திட்டமிட்ட பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

என் கோபம் அவர்மீது இல்லை. 'நைலான் கலந்தால் நாறும், தூயதே நல்லது' என்று விற்றவர் அவரிடம் அடித்துச் சொல்லியிருந்தார். இன்றைக்கும் புதியவர்களுக்கு இதையேதான் சொல்லி விற்கிறார்கள். பத்துப் பதினைந்து சதவீத நைலானால் நாற்றம் கூடியதாக என் அனுபவத்தில் நான் உணர்ந்ததே இல்லை.

பார்த்து வாங்க வேண்டியது வேறு. நைலான் இழையை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மெரினோவை முறுக்கும் நூல் உண்டு. கோர்-ஸ்பன் என்பார்கள். தோலில் படுவது கம்பளி, உரசலைத் தாங்குவது நைலான். நெடுநடைக்கு இதைவிடப் பொருத்தமான நூலை நான் பார்த்ததில்லை. எலாஸ்டேன் கொஞ்சமாவது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மதியத்துக்குள் துணி தொய்ந்துபோகும், தொய்ந்தால் மடியும், மடிப்பு வந்த இடத்தில் புண் வரும். துணியின் கனம் 150-க்கும் 180 ஜி.எஸ்.எம்.-க்கும் இடையில் இருக்கட்டும். எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'மெரினோ' என்று முன்னால் பெரிதாகப் போட்டிருப்பார்கள், உள்ளே தைத்த சிறு அட்டையைப் பார்த்தால் பாதிக்கு மேல் பாலியெஸ்டராக இருக்கும். பாலியெஸ்டர் உடம்பின் எண்ணெய்ப்பசையைப் பிடித்துக்கொண்டு நாறக்கூடியது. மெரினோ 80%-க்குக் கீழே இறங்கினால் நான் தொடுவதில்லை.

## கால் நீளத்தைக் கவனிக்காதது

நடக்கும்போது இரு தொடையும் உரசுகிறவர்களுக்கு ஜட்டி போதாது. கால் பகுதி 15 முதல் 20 செ.மீ. வரை இறங்கி, தோலும் தோலும் தொடும் இடத்தை முழுதாக மூட வேண்டும். பெண்களுக்கும் இதேதான். நீளக் கால் வைத்தது ஆண்களுக்கானது என்று நினைத்து, விளிம்பு எலாஸ்டிக் அரையிடுக்கில் அறுக்கும் சின்ன உள்ளாடையோடு கிளம்பி அவதிப்படும் பெண்களை நிறையப் பார்க்கிறேன்.

நீளமாக இருந்தால் மட்டும் போதாது, ஏறிச் சுருளாமலும் இருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் இது தெரியாது. இரண்டிரண்டு படியாக மாடி ஏறுங்கள், நாலைந்து தடவை குந்தி எழுந்திருங்கள், பிறகு குனிந்து பாருங்கள். கால் பகுதி மேலே சுருண்டிருந்தால் அந்த உள்ளாடை வேண்டாம்.

## தையலைத் தடவிப் பார்க்காதது

உள்ளாடையை உட்புறம் திருப்பி, கவட்டைப் பகுதியை விரலால் தடவுங்கள். நாலு தையலும் ஒரே புள்ளியில் கூடி முடிச்சாக நிற்கிறதா? வைத்துவிடுங்கள். அந்த இடத்தில் தனித்துண்டு வைத்து, தையல்களைப் பக்கவாட்டுக்குத் தள்ளியிருக்க வேண்டும். தையல் தட்டையான ஃபிளாட்லாக் வகையாக இருப்பது நல்லது.

பலரும் மறப்பது இடுப்புப் பட்டை. முதுகுப்பையின் பாரத்தில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் மேல்தான் உட்காருகிறது. அதற்கு அடியில் தடித்த எலாஸ்டிக்கோ, துவைக்கும் முறை அச்சிட்ட அட்டையோ மாட்டிக்கொண்டால் மாலைக்குள் தோல் கன்றிவிடும். பாரம் ஏற்றிய பையை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரமாவது நடந்து பாருங்கள்.

## தளர்வாக வாங்குவது

வேண்டாம். நெடுநடையில் உடம்பு இளைக்கும்.

## எத்தனை?

மூன்று. ஒன்று உடம்பில், ஒன்று பைமேல் காய, ஒன்று தூங்க.

## நாறவில்லை, அதனால் சுத்தம் என்று நம்புவது

வியர்வை நாற்றத்துக்குக் காரணமான பொருள்களைக் கம்பளி தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் நாட்கணக்கில் போட்டாலும் மூக்குக்குத் தெரிவதில்லை. ஆனால் வியர்வையின் உப்பு துணியிலேயே காய்ந்து படிகிறது, படிந்த உப்பு தோலைச் சுரண்டுகிறது. நாறாவிட்டாலும் தண்ணீர் கிடைக்கும் நாளெல்லாம் அலசுங்கள். ஓடையில் இறங்கி அலசாமல், தண்ணீரை மொண்டு 60 மீட்டராவது தள்ளிப் போய் அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். ஈரக் கம்பளி வலுவிழந்திருக்கும் என்பதால் துண்டில் சுருட்டி அழுத்தினால் போதும்.

## எல்லா வழிக்கும் மெரினோ என்று பிடிவாதம்

தன் எடையில் ஏறத்தாழ 30% அளவுக்கு நீராவியை உறிஞ்சிய பிறகும் கம்பளி கைக்கு ஈரமாகத் தெரியாது. குளிரிலும், பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் ஏறி இறங்கும் இடங்களிலும் இதுதான் அதன் பலம். அமெரிக்காவின் மேற்கே உள்ள நெடுநடைப் பாதையான பசிபிக் கிரெஸ்ட் பாதையின் தென்கோடிப் பாலைப் பகுதி போன்ற வறண்ட காற்றில் அலசிப் போட்டால் நடந்துகொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். அதே நாட்டின் கிழக்கே உள்ள அப்பலாச்சியன் பாதையின் ஜூலை மாதப் புழுக்கத்தில் கதை வேறு. அங்கே ஒருமுறை நனைந்த கம்பளி லேசில் காயாது, ஊறிய தோல் எளிதில் உரியும். அப்படிப்பட்ட வழிக்கு மூன்றில் ஒன்றையாவது மெல்லிய நைலான் உள்ளாடையாக வைத்துக்கொள்ளுங்கள்.

## திரும்பி வந்து கெடுப்பது

குளோரின் ப்ளீச் கம்பளியைக் கரைத்தே விடும். கறை போக்கப் புரத நொதி சேர்த்த சோப்புத்தூள் இழையை அரிக்கும், ஏனென்றால் கம்பளியும் புரதம்தான். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், உலர்த்தும் இயந்திரமும் வேண்டாம். 30 டிகிரி தண்ணீரில் மிதமான சோப்பு போதும். அடுத்த பயணம் வரை எடுத்து வைப்பதாக இருந்தால் துவைத்து நன்றாக உலர்த்திய பிறகே வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியின் கெரட்டினை. வியர்வைக் கறை படிந்த துணி என்றால் அதற்கு இன்னும் பிடிக்கும். காற்றுப் புகாத பையில் போட்டு இறுக மூடிவிடுங்கள்.