வேலை அறிவிப்பு தேடலில் தெரிய வேண்டும், வேலை நிரம்பியதும் மறைய வேண்டும்

எங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அது என் கைக்கு வந்தபோது அங்கே இருந்தது ஒரே ஒரு படம்தான். யாரோ மெனக்கெட்டு வடிவமைத்த போஸ்டர். ஐந்து பணியிடங்கள், கலர் கலராக எழுத்துகள், கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. இரண்டு மாதமாக அப்படியே கிடந்தது. அந்த ஐந்தில் ஒன்று அக்கவுன்டன்ட் வேலை. அந்தச் சொல்லை எங்கள் நிறுவனப் பெயரோடு சேர்த்துக் கூகுளில் தேடினேன். எங்கள் பக்கம் வரவே இல்லை. வேறொரு தளம் எடுத்துப் போட்டிருந்த எங்களுடைய போன வருட அறிவிப்புதான் முதலில் வந்தது. எப்போதோ ஆள் எடுத்து முடித்துவிட்ட வேலை அது. அதை நம்பி எத்தனை பேர் விண்ணப்பித்தார்களோ.

வேலை தேடி அலைந்த காலம் எனக்கும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு மொபைலில் தேடி, ஒன்றைக் கண்டுபிடித்து, பாதிப் படிவம் நிரப்பிய பிறகு 'இந்தப் பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டது' என்று வந்தால் மனசு எப்படி விட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அறிவிப்பைத் தெரிய வைப்பதோடு, நேரத்துக்கு அதை எடுப்பதையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

கூகுளில் வேலை தேடினால் முடிவுகளுக்கு நடுவே வேலைகளுக்கென்று தனிப் பெட்டி ஒன்று வருகிறது, பார்த்திருப்பீர்கள். 2017-இல் அமெரிக்காவில் தொடங்கி, பிறகு மற்ற நாடுகளுக்கும் படிப்படியாக வந்தது. அதில் அறிவிப்பைப் போட கூகுளிடம் படிவம் எதுவும் கிடையாது, கட்டணமும் கிடையாது. உங்கள் பக்கத்தையோ, நீங்கள் அறிவிப்புக் கொடுத்திருக்கும் வேலைவாய்ப்புத் தளத்தின் பக்கத்தையோ அது தானாக வந்து படித்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே, படிக்கும்படியாகப் பக்கம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஒரு வேலைக்கு ஒரு பக்கம்

போஸ்டரைக் கழற்றிவிட்டு நான் செய்த முதல் காரியம், ஐந்து வேலைகளையும் ஐந்து தனிப் பக்கங்களாகப் பிரித்தது. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. எல்லா வேலைகளையும் வரிசையாகக் காட்டும் பட்டியல் பக்கம் ஒன்றும் இருக்கட்டும், அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் இணைப்புக் கொடுங்கள். ஆனால் இயந்திரம் படிப்பதற்கான தகவலை (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) தனிப் பக்கத்தில் மட்டும்தான் வைக்க வேண்டும், பட்டியல் பக்கத்தில் வைக்கக் கூடாது.

படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்காதீர்கள். பிடிஎஃப் வேண்டுமானால் இணைப்பாக இருக்கலாம், ஆனால் விவரம் முழுவதும் பக்கத்திலேயே எழுத்தாக இருக்க வேண்டும். லாகின் செய்தால்தான் படிக்க முடியும் என்ற பூட்டும் கூடாது. தேடுபொறி எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்தப் பகுதியைத் தடுத்து வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். தளத்தைச் சோதித்த காலத்தில் போட்ட, 'இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே' என்று சொல்லும் 'நோஇன்டெக்ஸ்' குறியை எடுக்க மறந்து, பல மாதம் காணாமல் போன பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தலைப்பு

இதில்தான் எங்கள் அலுவலகத்தில் அதிகம் பேச வேண்டியிருந்தது. ஆள்சேர்ப்பைக் கவனிக்கும் அக்கா எனக்கு அனுப்பிய தலைப்பு இது: "அவசரம்!!! அக்கவுன்டன்ட் தேவை *உடனே சேரலாம்* ரெஃப் 114". அதில் 'அக்கவுன்டன்ட்' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்தேன்.

"என்ன தம்பி, அவசரம்னு போட்டாத்தானே நாலு பேரு திரும்பிப் பார்ப்பாங்க?" என்று கேட்டார்.

"அக்கா, வேலை தேடுறவங்க 'அவசரம்'னு அடிச்சுத் தேட மாட்டாங்களே" என்றேன். அவரே தன் மொபைலில் தேடிப் பார்த்தார். அப்புறம் ஒத்துக்கொண்டார்.

கூகுளின் வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. தலைப்பில் வேலையின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். நிறுவனப் பெயர், சம்பளம், தேதி, ஊர், குறிப்பு எண் எதுவும் வேண்டாம். ஆச்சரியக்குறிகளும் நட்சத்திரங்களும் வேண்டாம். அந்த 114-க்கும் ஓர் இடம் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் இயந்திரக் குறிப்பில் அடையாள எண்ணுக்கென்றே 'ஐடென்டிஃபையர்' என்று தனிப் புலம் (தகவலை நிரப்பும் இடம்) உண்டு, அங்கே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. நிறுவனத்துக்குள் நாம் புழங்கும் பதவிப் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. எங்களிடம் 'கிரேடு 2 அசோசியேட்' என்று ஒரு பதவி இருந்தது. அவர் செய்வது முழுக்க முழுக்க கிடங்கு மேற்பார்வை. தலைப்பைக் 'கிடங்கு மேற்பார்வையாளர்' என்று மாற்றி, கிரேடு விவரத்தை உள்ளே ஒரு வரியாகக் கொடுத்தேன்.

இயந்திரத்துக்கான குறிப்பு

மனிதர் படிக்கும் எழுத்துக்குப் பின்னால் இயந்திரம் படிப்பதற்கென்று ஒரு சின்னக் கோடை, அதாவது நிரல் துண்டை (code), சேர்க்க வேண்டும். அதற்கான பொதுச் சொல்தொகுதிதான் ஸ்கீமா டாட் ஆர்க். கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011-இல் தொடங்கியது. வேலைகளுக்கான வகை 'ஜாப் போஸ்டிங்'. அதை ஜேசன்-எல்டி என்கிற கோடு வடிவத்தில் எழுதுவதுதான் சுலபம். பக்கத்தின் மற்ற பகுதிகளைத் தொடாமல் ஒரே கட்டாக ஒட்டிவிடலாம். வேர்ட்பிரஸ் மாதிரியான அமைப்பு என்றால் இதற்கென்றே பிளகின்கள் (தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்) இருக்கின்றன. புலங்களின் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன். கோடில் ஸ்கீமா தளத்தில் இருக்கிற ஆங்கில எழுத்துகளையே, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல் போட வேண்டும்.

கட்டாயமானவை ஐந்து: தலைப்பு, விவரம், வெளியிட்ட தேதி, வேலை கொடுக்கும் நிறுவனம், பணியிடம். விவரம் என்ற இடத்தில் தலைப்பையே மறுபடி போடாதீர்கள். செய்ய வேண்டிய வேலை, தகுதி, வேலை நேரம் எல்லாம் அங்கே முழுதாக வர வேண்டும். பத்திகளைப் பிரிக்க ஹெச்டிஎம்எல் குறிகள் போடலாம். இல்லையென்றால் எல்லாம் ஒரே மூட்டையாகத் தெரியும். பணியிடம் என்பது ஆள் உண்மையில் வந்து வேலை செய்யும் இடம், தலைமை அலுவலக முகவரி அல்ல. அதில் நாட்டின் குறியீட்டை விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று இடங்களில் வேலை என்றால் அத்தனை முகவரிகளையும் பட்டியலாகக் கொடுக்கலாம்.

முழுக்க வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்குப் பணியிட வகை 'டெலிகம்யூட்' என்று போட்டு, எந்த நாட்டில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதையும் குறிப்பிட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்கலாம் என்கிற வேலைக்கு இதைப் போடாதீர்கள். அது விதிக்கும் புறம்பு. அதை நம்பி வருகிறவரையும் ஏமாற்றியதாகும்.

சம்பளம் கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். படிக்கிறவர் தனக்குக் கட்டுப்படியாகுமா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொள்வார், இரண்டு தரப்புக்கும் நேரம் மிச்சம். தொகையோடு அது மணிக்கா, நாளுக்கா, மாதத்துக்கா, வருடத்துக்கா என்பதைச் சொல்லும் அலகும் உண்டு. மாதம் 30000 என்பதற்கு அலகு தவறி 'வருடம்' என்று விழுந்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நிறுவனம் கொடுப்பதாகச் சொன்ன தொகையைத்தான் போட வேண்டும். ஊகம் கூடாது.

முழு நேரமா, பகுதி நேரமா, ஒப்பந்தமா, பயிற்சியா என்பதற்கும் ஒரு புலம் இருக்கிறது. சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடில் எழுதியதெல்லாம் பக்கத்தில் கண்ணுக்கும் தெரிய வேண்டும். பக்கத்தில் 'தகுதிக்கேற்ப' என்று போட்டுவிட்டு, கோடில் மட்டும் ஒரு தொகையைக் கொடுத்தால் அது விதிமீறல். விண்ணப்பிக்க ஆட்களிடம் பணம் கேட்கும் வேலைகளையும் கூகுள் அனுமதிப்பதில்லை. அந்த விதி எனக்கு மிகவும் பிடித்த விதி.

தேதியில் நான் பட்ட பாடு

கடைசித் தேதி இருக்கிற வேலை என்றால் 'வேலிட் த்ரூ' என்ற புலத்தில் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். தேதிகள் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தேதி முறைப்படி, வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வரும்: 2025-08-31. நாம் கையால் எழுதுகிற மாதிரி நாளை முன்னால் போட்டால் தகராறுதான்.

ஒருமுறை கடைசித் தேதி 31 என்று அறிவித்திருந்தோம். 31-ஆம் தேதி காலையிலேயே தேடலில் அந்த வேலை இல்லை. பக்கம் நன்றாகத் திறக்கிறது, படிவமும் வேலை செய்கிறது. கோடைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். தேதிக்குப் பின்னால் நேரம் 00:00 என்று இருந்தது. அதாவது 31-ஆம் தேதி பிறக்கிற அந்த நள்ளிரவோடு அறிவிப்பு முடிந்துவிட்டது. கடைசி நாள் முழுவதும் போச்சு. கடைசி நாளில்தான் நிறைய பேர் விண்ணப்பிப்பார்கள், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அன்றிலிருந்து 23:59 என்றும், கூடவே நேர மண்டலத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வெளியிட்ட தேதியிலும் ஒரு சிக்கல் வந்தது. நாங்கள் வைத்திருந்த பிளகின் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய தேதியையே வெளியிட்ட தேதியாகக் காட்டியது. பார்க்கிறவருக்கு நேற்றுத்தான் வந்த வேலை மாதிரி இருக்கும். உண்மையில் நாற்பது நாள் பழசு. அறிவிப்பு முதலில் வெளியான தேதி எதுவோ அதுதான் அங்கே இருக்க வேண்டும். உடனே சரி செய்தேன்.

சோதித்துப் பார்ப்பது

கோடை ஒட்டியதும் கூகுளின் 'ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்' என்ற பக்கத்தில் முகவரியைக் கொடுங்கள். சிவப்பில் வருவது பிழை, அதைத் திருத்தாமல் விடக் கூடாது. மஞ்சளில் வருவது விடுபட்டுப்போன, இருந்தால் நல்லது என்கிற புலம்.

முதல் தடவை எனக்கு 'கோடைப் படிக்க முடியவில்லை' என்று வந்தது. ஒரு மணி நேரம் தேடிய பிறகு புரிந்தது. கோடை வேர்டில் ஒட்டி அக்காவிடம் சரிபார்க்கக் கொடுத்திருந்தேன். நேரான மேற்கோள் குறிகளை வேர்டு வளைந்த குறிகளாக மாற்றிவிட்டது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஜேசனுக்கு அது பிழை. கோடை எப்போதும் நோட்பேட் மாதிரியான சாதாரண எடிட்டரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விவரத்துக்குள் மேற்கோள் குறி வந்தால் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும், கடைசிப் புலத்துக்குப் பின்னால் காற்புள்ளி கூடாது. பெரும்பாலான பிழை இந்த இரண்டில்தான் வரும்.

அடுத்து, கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி இருக்கிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் என்ற கூகுள் கருவியில் உங்கள் தளத்தைச் சேர்த்து உரிமையை உறுதி செய்யுங்கள். வேலைப் பக்கங்களின் முகவரிகளைச் சைட்மேப் என்னும் பக்கப் பட்டியல் கோப்பில் போட்டு, பக்கம் மாறும்போதெல்லாம் கடைசியாக மாற்றிய தேதியும் மாறும்படி பாருங்கள். மாற்றமே இல்லாமல் தேதியை மட்டும் ஏற்றினால் கூகுள் அந்தத் தேதியை நம்புவதை விட்டுவிடும். அவசரம் என்றால் அதே கன்சோலில் உள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் முகவரியைக் கொடுத்து இன்டெக்ஸ் செய்ய, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்க, கேட்கலாம்.

அறிவிப்புகள் தினமும் வருவதும் போவதுமாக இருந்தால் இன்டெக்ஸிங் ஏபிஐ என்ற, நிரல் மூலம் கூகுளுக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும் வழியைப் பயன்படுத்துங்கள். இது எல்லாப் பக்கங்களுக்குமானது அல்ல; வேலை அறிவிப்புகளுக்கும் நேரலை ஒளிபரப்புப் பக்கங்களுக்கும் மட்டும்தான். புதிய பக்கம் வந்தது, பழைய பக்கம் போனது என்று இரண்டையும் கூகுளுக்கு உடனுக்குடன் சொல்லும். தொடக்கத்தில், சோதித்துப் பார்ப்பதற்கென்று, ஒரு நாளைக்கு 200 கோரிக்கைகள் வரை அனுப்பலாம்; தொடர்ந்து பயன்படுத்தக் கூகுளின் அனுமதி வாங்க வேண்டும். எங்களைப் போன்ற அளவுக்கு அது தாராளம். பிங்குக்கு இண்டெக்ஸ்நவ் என்று தனி வழி இருக்கிறது.

ஒரே வேலையைப் பல தளங்களில் போடுகிறீர்கள் என்றால் தலைப்பு, இடம், சம்பளம், தேதி எல்லாம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு வேலைக்கு இரண்டு முகவரி இருந்தால் எது மூலப் பக்கம் என்பதைக் கனானிகல் குறியால் காட்டிவிடுங்கள்.

வேலை நிரம்பிய அன்று

ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாரும் மறப்பது இதைத்தான். முடிந்த வேலையைத் திறந்தே வைத்திருந்தால் கூகுள் தளத்தின் மீது நடவடிக்கை எடுக்கக்கூடும், அப்புறம் உண்மையில் காலியாக இருக்கும் வேலைகள்கூட அந்தப் பெட்டியில் வராமல் போகலாம். எடுப்பதற்கு வழிகள் பல. பக்கத்தையே நீக்கி, 404 (பக்கம் கிடைக்கவில்லை) அல்லது 410 (பக்கம் நீக்கப்பட்டுவிட்டது) என்ற பதில் வரும்படி செய்யலாம். பக்கம் இருக்கட்டும் என்றால் ஜாப் போஸ்டிங் கோடை மட்டும் எடுத்துவிடலாம். 'வேலிட் த்ரூ' தேதியைக் கடந்த தேதியாக மாற்றலாம். நோஇன்டெக்ஸ் போடலாம்.

நான் செய்வது இது. பணி ஆணை கையெழுத்தாகும் அன்றே கோடை எடுத்துவிடுவேன். விண்ணப்பப் பொத்தானையும் எடுத்துவிட்டு, அதே இடத்தில், பக்கத்தின் தலைமாட்டிலேயே, 'இந்த வேலைக்கு ஆள் எடுத்தாயிற்று. இப்போது காலியாக உள்ள வேலைகள் இங்கே' என்று எழுதி, பட்டியலுக்கு இணைப்புக் கொடுப்பேன். ஏபிஐ வழியாகப் பக்கம் மாறியதையும் தெரிவித்துவிடுவேன். ஒரு மாதம் கழித்துப் பக்கத்தையே 410-ஆக மாற்றிவிடுவேன். இத்தனைக்கும் பத்து நிமிடம் கூட ஆகாது.

இதற்காக அக்காவோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். பணி ஆணை அனுப்பும் மின்னஞ்சலில் எனக்கும் ஒரு நகல் வரும். அதில் குறிப்பு எண் இருக்கும். அந்த நகல் வந்ததும் கையில் இருக்கும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். வெளித்தளங்களில் போட்டிருந்தால் அங்கேயும் அன்றே போய் மூடிவிடுவேன். அந்தப் போன வருட அறிவிப்பை வைத்திருந்த தளத்துக்கும் அப்போதே எழுதினேன். மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு எடுத்தார்கள்.